ஆறு பொழுதில் எனக்கான இரண்டு

2019 ஜூலையில் ஒரு காலை, ஒரு துணிக்கடையின் கொள்முதல் பில்லில் 78,450 என்று போட வேண்டிய இடத்தில் 74,850 என்று போட்டுவிட்டேன். வித்தியாசம் 3,600. கணக்கு வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்றுதான். எனக்கும் அது தெரியும். ஆனாலும் ஒன்பதரை மணியிலிருந்து அதே பட்டியலை நான்கு தடவை மேலிருந்து கீழ் பார்த்தேன், கண்ணில் படவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு, வேறு எதையோ தேடப் போனபோது, அந்த வரி தானாகப் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால், என் வேலை நேரத்தைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது என்று படுகிறது.

அப்போது நான் மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தேன். ஒன்பதரைக்குக் கைரேகை வைக்க வேண்டும், ஆறரைக்குக் கிளம்பலாம். திருமங்கலத்திலிருந்து பஸ். அதைப் பிடிக்க ஐந்தரைக்கு எழுந்து சமைத்து, பையனைக் கிளப்பி, நானும் கிளம்பி ஓட வேண்டும். பதினோரு வருடம் அப்படி ஓடினேன். காலையில் முதல் ஒரு மணி நேரம் நான் டேலி என்ற கணக்கு மென்பொருளில் போட்ட பதிவுகளைப் பிறகு நானே ஒருமுறை சரிபார்ப்பேன், அந்த நேரத்து வேலையின் மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது. பத்தரை, பதினொன்று ஆனால்தான் தலை தெளியும். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து வருடக்கணக்கில் மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. என் அம்மா வீடு நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகைத் தோட்டம். மல்லியை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பினால்தான் விலை. அதனால் சீசனில் அம்மா மூன்றரைக்கே எழுந்து நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். "பூவுக்கு ஒரு நேரம் இருக்கு தாயி, அது நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?" என்பார். வீட்டில் எல்லோரும் விடியலில் பம்பரமாகச் சுற்றுவார்கள், நான் மட்டும் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவேன். ஆனால் ராத்திரி எட்டரைக்கு அம்மா கண் சொக்கி உட்கார்ந்திருக்கும்போது நான்தான் பூக்காரர் சீட்டுகளை எல்லாம் கூட்டி, எவ்வளவு வர வேண்டும் என்று சொல்வேன். அந்தக் கணக்கு தப்பியதே இல்லை. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அலுவலகக் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பஸ் இல்லை, கைரேகை இல்லை. இரண்டு மாதத்தில் ஒன்று கவனித்தேன், சரிபார்த்தவர் திருப்பி அனுப்பும் தாள்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. வேலை அதே வேலை, ஆளும் அதே ஆள். காலையில் பத்தே முக்கால் வாக்கில் உட்கார ஆரம்பித்திருந்தேன், அதுதான் மாறியிருந்தது. அலுவலகம் மறுபடி திறந்து பழைய நேரத்துக்கே வரச் சொன்னபோது ஆறு மாதம் போய்ப் பார்த்தேன், முடியவில்லை. 2021 ஏப்ரலில் தனியாகக் கணக்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். ஒரு அச்சகம், ஒரு ஹார்டுவேர் கடை, இரண்டு அரிசி மண்டி என்று நான்கு பேரோடு.

சொந்த நேரம் கையில் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக அடுத்த ஒரு வருடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நேரம் என்னுடையது ஆனதும் அது எல்லோருடையதும் ஆகிவிட்டது. காலை ஏழரைக்கு மண்டிக்காரர் போன் செய்வார், எடுப்பேன். பகலில் கேஸ் வரும், குழாய் ரிப்பேர்க்காரர் வருவார், "நீ வீட்டுலதானே இருக்க" என்று உறவில் யாராவது வங்கிக்குக் கூட வரச் சொல்வார்கள். வேலை தள்ளித் தள்ளிப் போய், பையன் தூங்கியபிறகு பத்தரைக்கு உட்கார்ந்து இரண்டு மணி வரை இழுக்கும். அந்த நேரத்தின் அமைதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் ராத்திரி ஆள், என் மூளை நடுராத்திரியில்தான் வேலை செய்யும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். ஆறு மணி நேரம்கூடத் தூக்கமில்லை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்றாவது காபி, ஞாயிறு மதியம் வரை எழ முடியாத தலைவலி.

என் கணவர் தமிழாசிரியர். 2022 பிப்ரவரியில் ஒருநாள் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, பையனின் பழைய ரஃப் நோட்டை எடுத்து ஆறு கட்டம் போட்டார். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். ஒரு நாளைப் பத்துப் பத்து நாழிகையாக ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள் என்று நாம் பள்ளியில் படித்ததுதான். ஒரு நாழிகை 24 நிமிடம், ஆகவே ஒரு பொழுது நான்கு மணி நேரம். வைகறை இரண்டு மணிக்குத் தொடங்கி ஆறு வரை, காலை ஆறிலிருந்து பத்து, நண்பகல் பத்திலிருந்து இரண்டு, எற்பாடு இரண்டிலிருந்து ஆறு, மாலை ஆறிலிருந்து பத்து, யாமம் பத்திலிருந்து இரண்டு. "எந்தப் பொழுதுல என்ன செஞ்சே, எத்தனை தப்பு வந்துச்சுன்னு மட்டும் எழுது, எப்படி இருந்துச்சுன்னு எழுதாதே" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் பெரிய உதவி.

மூன்று வாரம் எழுதினேன். ஒரு பொழுதில் எத்தனை பில் பதிந்தேன், மறுநாள் சரிபார்க்கும்போது அதில் எத்தனை தவறு, அவ்வளவுதான். எப்படி உணர்ந்தேன் என்று மட்டும் எழுதியிருந்தால் யாமத்துக்கு முழு மார்க் போட்டிருப்பேன், ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லாம் சரளமாக ஓடுகிற மாதிரி இருக்கும். எண்ணிப் பார்த்தால், நூறு பில்லுக்கு யாமத்தில் ஆறு ஏழு தவறு. காலைப் பொழுதில் நான்கைந்து. நண்பகலில் ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. மாலையில் ஒன்றிரண்டு. எற்பாட்டில், அதாவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தவறைவிட வேகம்தான் விழுந்திருந்தது, நண்பகலில் செய்வதில் பாதிகூட நகரவில்லை. நான் நடுராத்திரி ஆளே இல்லை. வீட்டில் அமைதி கிடைத்த நேரத்தை என் இயல்பான நேரம் என்று நம்பியிருக்கிறேன். குழந்தை வைத்திருக்கும் பெண்கள் பலர் இதே குழப்பத்தில் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். யாரும் கூப்பிடாத நேரம் வேறு, உடம்பு ஒத்துழைக்கிற நேரம் வேறு.

தூக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று அந்த வருடம் மே விடுமுறைக்குக் காத்திருந்தேன். பையன் அம்மா வீட்டில் பதினைந்து நாள். அலாரம் வைக்கவில்லை. முதல் ஐந்து நாள் ஒன்பது பத்து மணி நேரம் தூங்கினேன், அது பழைய கடன், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்புறம் ஒரு நிலைக்கு வந்தது, பன்னிரண்டரைக்குத் தூக்கம், எட்டுக்கு விழிப்பு. நடுப்புள்ளி அதிகாலை நாலேகால். டில் ரோன்னபெர்க் என்ற ஜெர்மன் ஆய்வாளர் மனிதர்களின் உடல் கடிகாரத்தை இப்படித்தான் அளக்கிறார், வேலை இல்லாத நாளில் தூக்கத்தின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்து. வேலை நாளின் நடுப்புள்ளிக்கும் விடுமுறை நாளின் நடுப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியை, விமானத்தில் தூர தேசம் போனால் உடம்பு திணறுமே, அதோடு ஒப்பிட்டு 2006இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் 'சோஷியல் ஜெட்லாக்' என்று ஒரு பெயரே வைத்தார்கள். அலுவலகக் காலத்தில் நான் பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தேன், நடுப்புள்ளி இரண்டரை. ஒன்றே முக்கால் மணி நேர வித்தியாசம். பதினோரு வருடம் தினமும் வேறொரு ஊர் நேரத்தில் வாழ்ந்த மாதிரிதான்.

இது மனஉறுதி சம்பந்தப்பட்ட விஷயம் என்று இன்னும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நம் செல்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். ஒரு மரபணு ராத்திரியில் ஒரு புரதத்தைச் சேர்த்துக்கொண்டே போகும், சேர்ந்த புரதம் அந்த மரபணுவையே நிறுத்தும், பகலில் புரதம் கரையும், மறுபடி தொடங்கும். மூளையில் ஏறக்குறைய இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னப் பகுதி, கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து இதையெல்லாம் வெளி உலகத்தோடு ஒத்துப்போக வைக்கிறது. இந்தச் சுற்று சிலருக்கு முந்தி ஓடும், சிலருக்குப் பிந்தி ஓடும், பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு, வயதோடும் மாறும். இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. கூடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சின்னப் பெண்ணிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

சரி, நண்பகலும் மாலையும்தான் என் பொழுதுகள் என்று தெரிந்தது. அதை வைத்து என்ன செய்வது? நான் முதலில் செய்தது வேலைகளைப் பிரித்தது. தலை மட்டும் போதும் என்கிற வேலைகள் ஒரு பக்கம்: பில் பதிவு, வாங்கிய பில்களை ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி அறிக்கையோடு (விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) ஒப்பிடுவது, ஆண்டுக் கணக்கு முடிப்பது. இன்னொரு ஆள் விழித்திருக்க வேண்டிய வேலைகள் மறு பக்கம்: பில் கேட்டு வாங்குவது, விளக்கம் கேட்பது, முக்கியமாக ஓடிபி. ஜிஎஸ்டி ரிட்டர்னை நான் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் தயார் செய்யலாம், ஆனால் ஓடிபி கடைக்காரரின் போனுக்குத்தான் போகும், அதுவும் சில நிமிடம்தான் செல்லும். ராத்திரி ஒரு மணிக்கு வேலையை முடித்துவிட்டு அதற்காகக் காலை வரை காத்திருந்த நாட்கள் எத்தனையோ. இப்போது பத்தே முக்கால் முதல் ஒன்றரை வரை ஒப்பிடும் வேலை மட்டும், போன் அடுத்த அறையில். மூன்றிலிருந்து ஐந்தரை வரை போன், ஓடிபி, கட்டண வசூல், ஸ்கேன், பிரிண்ட். எப்படியும் அந்த நேரத்தில் என் மூளை மந்தமாகத்தான் இருக்கும், மனிதர்களோடு பேச அது போதும், பேசினால் தூக்கமும் கலைகிறது. மாலையில் ஏழிலிருந்து ஒன்பதரை வரை பதிவு வேலை.

வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லத்தான் அதிகம் பயந்தேன். ஒரு பெரிய விளக்கம் எழுதி அழித்துவிட்டு, கடைசியில் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினேன்: "தினமும் மதியம் 3 முதல் 5.30 வரை போனில் பேசலாம். மற்ற நேரத்தில் செய்தி அனுப்புங்கள், அன்றே பதில் வரும்." காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒரு மண்டிக்காரர் விலகிப் போனார், மாதம் மூவாயிரம் போயிற்று, இரண்டு மாதம் கஷ்டமாக இருந்தது. மற்றவர்கள் பத்து நாளில் பழகிவிட்டார்கள். மண்டி, கடைக்காரர்களுக்கு மதியம் மூன்று மணிக்குத்தான் கூட்டம் குறையும், அவர்களுக்கும் அதுதான் வசதி என்று அப்புறம்தான் தெரிந்தது. இதில் ஒன்று முக்கியம், சொன்ன நேரத்தை நாமே மீறக் கூடாது. முதல் வாரம் ஒருவர் ராத்திரி பத்துக்கு அழைத்தார், பாவம் என்று எடுத்தேன், அடுத்த மூன்று நாளும் அதே நேரத்துக்கு அழைத்தார்.

வீடு இதைவிடக் கடினம். மாலை ஏழு மணி என்றால் இரவுச் சாப்பாடு, பையனின் வீட்டுப்பாடம், எல்லாம் சேரும் நேரம். அத்தைக்கு நான் எட்டு மணிக்கு எழுவதே பிடிக்கவில்லை. "பொம்பள விடிஞ்சு எட்டு மணி வரைக்கும் படுத்திருந்தா வீடு வெளங்குமா?" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். நான் எதிர்த்துப் பேசவில்லை, ஆனால் நோட்டைக் கணவரிடமும் அத்தையிடமும் காட்டினேன். கணவர் ஐந்து மணிக்கே எழுகிற ஆள், அவருக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல் எதுவும் ஏறாது. அதனால் காலை டிபனும் பையனை வேனில் ஏற்றுவதும் அவர் வேலையானது. மறுநாளைக்குக் காய் நறுக்கி, மாவு எடுத்து வைத்து, பாத்திரம் கழுவி முடிப்பது ராத்திரி பத்துக்கு மேல் என் வேலை. வீட்டுப்பாடம் அவர் பார்த்தார், கணக்குப் பாடம் மட்டும் ஒன்பதரைக்கு என்னிடம் வரும். அத்தை முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் மாலையில் நான் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்தால் "அவ வேலையில இருக்கா" என்று வாசலிலேயே சொல்ல ஆரம்பித்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

கடைசித் தேதிகள் நம் உடம்புக்காக நெகிழாது. டிடிஎஸ் (பிடித்த வருமான வரி) கட்ட 7, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) போட 11, பிஎஃப் (வைப்புநிதி) 15, 3பி (ஜிஎஸ்டி வரி கட்டும் ரிட்டர்ன்) 20, மாதா மாதம் இதுதான். முதல் வருடம் 10ஆம் தேதியும் 19ஆம் தேதியும் ராத்திரி முழுக்க விழித்தேன். இப்போது எல்லோரிடமும் 3ஆம் தேதிக்குள் விற்பனை பில்களை வாங்கிவிடுகிறேன், தாமதித்தால் 4ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு நானே அழைப்பேன். 2பி 14ஆம் தேதி வரும், 15, 16, 17 மூன்று நண்பகலும் அதற்கு மட்டுமே. பத்து வாடிக்கையாளர் வரை மூன்று நண்பகல் போதும். பதினான்கு ஆனதும் போதவில்லை, அதற்கு மேல் எடுப்பதை நிறுத்திவிட்டேன். நல்ல நேரம் ஒரு நாளைக்கு ஐந்து மணி சொச்சம்தான், அதற்குள் அடங்குகிற வேலையைத்தான் ஒத்துக்கொள்ள முடியும், இதை ஏற்க எனக்கு நாளானது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. எழுந்ததும் இருபது நிமிடம் மொட்டைமாடியில் வெயிலில் நடக்கிறேன். காலை வெளிச்சம் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கும், ராத்திரி வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். இதை விட்டால் என் தூக்கம் வாரத்துக்கு வாரம் ஒரு மணி, ஒன்றரை என்று நகர்ந்துவிடுகிறது. பதினொன்றுக்குக் கணினியை மூடிவிடுவேன். காபி மதியம் இரண்டு மணியோடு சரி, அதிலுள்ள காஃபின் உடம்பில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது, சாயங்காலக் காபி நடுராத்திரி வரை வேலை காட்டும். ஞாயிறும் எட்டரைக்குள் எழுந்துவிடுவேன். நோட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு வாரம் மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் கோடையில் என் நண்பகல் மணி ஒன்றோடு முடிந்துவிடுகிறது, கரண்ட் போனால் அதுவும் இல்லை.

அலுவலகத்தில் இருப்பவர்கள் வேலையை விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி வேறொரு இடத்தில் மூன்று வாரத் தவறுக் கணக்கை எழுதிக்கொண்டு போய், ஒரு மாதம் மட்டும் பத்தரையிலிருந்து ஏழரை வரை வரட்டுமா, குறைந்தால் பழையபடி வருகிறேன் என்று கேட்டாள். கொடுத்தார்கள், இன்றும் அப்படித்தான் போகிறாள். உடம்பு முடியவில்லை என்று கேட்டிருந்தால் லீவு போடச் சொல்லியிருப்பார்கள். 1967இல் மியூனிக் அருகே ஒட்டோபுருன்னில் விமானம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் இப்படி வேலை நேரத்தை நெகிழ்த்தும் முறையை முதன்முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தபோதும், எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சாலை அடைத்துக்கொண்டதுதான் காரணம். ஒரு குறிப்பிட்ட பகல் நேரத்தில் எல்லோரும் இருக்க வேண்டும், வருவதும் போவதும் அவரவர் வசதி. நிறுவனத்துக்கும் லாபம் இருந்ததால்தான் அது நிலைத்தது.

ஆனால் நெகிழ்வான வேலை நேரம் என்ற சொல்லை யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் இதே பேச்சோடுதான் வந்தது, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்தம். எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். என் தம்பி ஒரு நூற்பாலையில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறான். அவனிடம் என் நோட்டைக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனால் கேட்க முடிந்தது ஒன்றுதான், ஷிப்ட் மாறும் வரிசையைக் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கி வைக்கச் சொல்லி. பின்னுக்குப் போவதைவிட முன்னோக்கி மாறுவது உடம்புக்குக் கொஞ்சம் எளிது. கேட்டிருக்கிறான், இன்னும் மாற்றவில்லை.

அம்மா இப்போது வந்தால் பத்து நாள் தங்குகிறார். வயது ஏற ஏற அவருடைய பொழுது இன்னும் முந்திவிட்டது, மூன்று மணிக்கே விழித்து ஹாலில் லைட் போடாமல் உட்கார்ந்திருப்பார். நான் எட்டு மணிக்கு எழுந்து வந்தால் ஒன்றும் சொல்லாமல் காபியை நீட்டுவார். பையனுக்குப் பதின்மூன்று ஆகிறது. இந்த வருடம் அவனுக்குப் பதினொன்றரை வரை தூக்கம் வருவதில்லை, காலையில் எழுப்பினால் கூடையோடு நின்ற என் முகம் அப்படியே தெரிகிறது. அந்த வயதில் கடிகாரம் பிந்துவது இயல்பு என்று அத்தையிடம் சொன்னேன், "ஒம் புள்ள ஒன்னாட்டந்தான் இருப்பான்" என்றார். பள்ளி வேன் ஏழு நாற்பதுக்கு வருகிறது. அதற்கு மட்டும் எங்களிடம் இன்னும் வழி இல்லை.